நிலாவெளி வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அடுக்குக் கட்அவுட் போர்ட் செய்வது எப்படி?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். அவருக்குத் திருகோணமலை உப்புவெளியில் பிளெக்ஸ் பிரிண்டும் ஸ்டிக்கர் வெட்டும் செய்கிற கடை. நிலாவெளியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ஒருவர் வந்து, வாசலுக்கு 6 அடிக்கு 3 அடியில் ஒரு போர்ட் வேண்டும், பிளெக்ஸ் வேண்டாம், கடல், எதிரே கடலில் தெரியும் புறாத்தீவு, மீன், பெயர் எல்லாம் அடுக்கடுக்காக முன்னுக்கு வந்து நிற்க வேண்டும், பெயர் மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பொருளில் செய்வது, எத்தனை அடுக்கு வைப்பது, எதால் ஒட்டுவது, எவ்வளவு கேட்பது என்பதுதான் கேள்வி.

பொருளுக்குப் போகமுன் அந்த வாசலுக்கு ஒருமுறை போய், போர்ட் எந்தத் திசையைப் பார்க்கப் போகிறது என்று பாருங்கள். நிலாவெளியில் வீதி கரையோரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது, கடற்கரைப் பக்க கெஸ்ட் ஹவுஸ் வாசல்கள் பெரும்பாலும் மேற்கே பார்த்துத்தான் இருக்கும். அப்படியென்றால் காலையில் போர்டின் முகத்தில் வெயில் இல்லை, மத்தியானம் 12 மணிக்குப் பிறகு தொடங்கி மாலைவரை முழு வெயிலும் அதன் முகத்தில்தான். மே தொடங்கி ஆகஸ்ட் வரை அடிக்கும் கச்சான் காற்றும் அதே பக்கத்திலிருந்து சூடாக வரும், உல்லாசப் பயணிகள் வருவதும் அதே மாதங்களில். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் நிறம், இடைவெளி, பொருள் எல்லாவற்றிலும் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

ஏனென்றால் அடுக்குப் போர்டில் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்குவது நிழலை. பிளெக்ஸில் நிழலைப் பிரிண்ட் அடிக்கலாம், அது அசையாது. இங்கே ஒரு அடுக்கின் நிழல் பின்னால் உள்ள அடுக்கில் விழுந்து நேரத்துக்கு நேரம் நீண்டு குறைகிறது, வீதியால் போகிறவன் திரும்பிப் பார்ப்பது அதற்காகத்தான். அந்த நிழலைக் கணக்குப் போட்டு வடிவமைக்கலாம், கஷ்டமான கணக்கு இல்லை. மேற்கே பார்த்த போர்டில் ஒரு எழுத்து பின்தட்டிலிருந்து 12 மிமீ முன்னுக்கு நிற்கிறது என்று வையுங்கள். மத்தியானம் 1 மணியளவில் சூரியன் உச்சிக்குக் கிட்ட, ஏறத்தாழ 75 பாகையில் நிற்கும், அப்போது நிழல் 45 மிமீ அளவுக்குக் கீழே இறங்கும். 3 மணியளவில் சூரியன் 45 பாகைக்கு வந்ததும் நிழல் இடைவெளியின் அளவேதான், 12 மிமீ. 5 மணிக்கு 4 மிமீ அளவுதான் மிஞ்சும், எழுத்து பின்தட்டோடு ஒட்டிய மாதிரித் தெரியும். இப்போது அதே எழுத்தை 25 மிமீ முன்னுக்கு நிறுத்தினால் 1 மணிக்கு நிழல் 9 சென்றிமீற்றருக்கு மேல் இறங்கி அடுத்த வரியின் மேல் விழும், தமிழ் வரியின் நிழலுக்குள் சிங்கள வரி மூழ்கி இரண்டையும் வாசிக்க முடியாது. கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் அதே போர்ட் மிக அழகாக இருந்திருக்கும், அதனால்தான் பலர் இதில் சறுக்குகிறார்கள்.

நான் கைக்கொள்ளும் அளவு இதுதான்: எழுத்தின் கோட்டுத் தடிப்பு எவ்வளவோ, அதன் பாதியிலிருந்து முக்கால்வரை இடைவெளி வையுங்கள். கோடு 20 மிமீ தடிப்பென்றால் இடைவெளி 10 முதல் 15 மிமீ. படத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, மீனையோ தீவையோ 25, 30 மிமீ முன்னுக்குக் கொண்டுவரலாம், அதன் நிழல் நீள்வது அங்கே அழகுதான். எல்லா அடுக்குக்கும் ஒரே இடைவெளி வைக்காதீர்கள். பின்னால் 5, நடுவில் 12, முன்னால் 25 என்று கூடிக்கொண்டு வந்தால் கண் ஆழத்தை உணரும், ஒரே சீராக வைத்தால் படிக்கட்டு மாதிரித் தெரியும்.

இன்னொன்று, நிழல் தெரிய வேண்டுமென்றால் அது விழுகிற தளம் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்பது கருநீலக் கடல், அதன் முன்னால் வெள்ளை எழுத்து. கருநீலத்தில் விழுந்த நிழல் கண்ணுக்கே தெரியாது, நீங்கள் அத்தனை பாடுபட்டு அடுக்கியதும் வீண். பின்தட்டை வெளிர் மணல் நிறத்திலோ வெளிர் நீலத்திலோ வைத்து, நடு அடுக்கு பச்சைநீலம், எழுத்து கருநீலம் என்று நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி மாதிரித் துண்டொன்று இரண்டு நிறத்திலும் செய்து, அந்த வாசலுக்கே கொண்டுபோய் பின்னேரம் 3 மணி வெயிலில் பிடித்துக் காட்டினால் அவரே ஒத்துக்கொள்வார். கணினித் திரையில் காட்டி இதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது.

அடுக்கு எத்தனை? பின்தட்டு தவிர மூன்று போதும். அவர் திமிங்கிலம், டொல்பின், கோட்டைப் பக்கத்து மான், கோணேசர் கோயில் கோபுரம் எல்லாம் கேட்பார், திருகோணமலையில் எல்லாருக்கும் எல்லாமே வேண்டும். ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். கோபுரத்தின் நுணுக்கம் கட்அவுட்டில் நிற்காது, றவுட்டர் என்ற வெட்டு மெசினின் சுழலும் 3 மிமீ பிட்டால் வெட்டும்போது உள்மூலைகள் எல்லாம் ஒன்றரை மிமீ ஆரத்துக்கு வளைந்துவிடும், சிற்ப வரிசைகள் பல்லுப் பல்லாகத்தான் வரும். நிலாவெளிக் கெஸ்ட் ஹவுசுக்குப் பொருத்தமானது புறாத்தீவுதான். கரையிலிருந்து பார்க்கும்போது தெரியும் அந்தப் பாறைக் கோடு, அதன் முன்னால் ஒரு அலை, அலைக்குக் கீழே செட்டை நுனி கறுத்த சுறா ஒன்று. அந்தச் சுறாக்களைப் பார்க்கத்தானே சுழியோடிகள் அங்கே போகிறார்கள். 2003 இல் தேசியப் பூங்காவான இடம், பெயரே அங்கு கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்தது, ஆகவே ஒரு புறாவைப் போர்ட் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி வைத்தால் சட்டகத்தை உடைத்து வெளியே வருகிற உணர்வு வரும். அது போதும்.

படத்தை எழுத்துகளுக்குப் பின்னால் போடாதீர்கள். 6 அடி நீளத்தில் இடது பக்கம் 2 அடி படம், மிச்சம் 4 அடி பெயருக்கு. வீதியில் வாகனம் 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் ஒரு விநாடிக்கு 11 மீற்றர் ஓடிவிடும், பெயரை 40 மீற்றருக்கு முன்னாலேயே வாசித்தால்தான் பிரேக் பிடித்துத் திரும்ப முடியும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு 25 மிமீ உயரத்துக்கு 9 மீற்றர் தூரம் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள், 40 மீற்றருக்கு 110 மிமீ வரும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் அந்த அளவு காணாது, கொம்பும் சுழியும் மேலும் கீழும் போவதால் எழுத்தின் உடல் சுருங்கிவிடும், 150 மிமீ ஆவது வேண்டும். மூன்று வரியும் இடைவெளியும் சேர்ந்தால் 3 அடி உயரத்தில் பெரும்பங்கு போய்விடும். ஆகவே தொலைபேசி இலக்கம், அறை வசதி, வைஃபை என்று அவர் கேட்பதையெல்லாம் இந்தப் போர்டில் ஏற்றாதீர்கள். உள்ளே சின்னதாக இன்னொன்று வைக்கலாம்.

சரி, பொருள். பின்தட்டுக்கு 4 மிமீ அலுமினியம் கிளாடிங் தகடு, அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. 4 அடிக்கு 8 அடி ஷீட் ஒன்றில் உங்கள் அளவு வெட்டி மிச்சமும் வரும். எம்டிஎப் பலகையை வெளியே வைக்கவே கூடாது, எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் வெட்டிய விளிம்பால் தண்ணீர் ஏறி ஒரு மாரிக்குள் ஊதிவிடும். நடு அடுக்குகளுக்கு நுரை போன்ற பிளாஸ்டிக் பலகையான பிவிசி போம் போர்ட் நல்லது, 10 மிமீ ஷீட் முழுதாக 16 கிலோ அளவுதான், லேசாக வெட்டலாம். ஆனால் அதற்கு ஒரு எதிரி உண்டு, சூடு. 60, 65 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது இளகத் தொடங்கும், மேற்குப் பார்த்த சுவரில் கருநிறம் பூசிய போம் போர்ட் பின்னேர வெயிலில் அந்தச் சூட்டைத் தொடக்கூடியது, பிறகு வளைந்த இடம் திரும்ப நிமிராது. அதனால் போம் போர்ட் அடுக்குகள் வெளிர் நிறத்தில் மட்டும். கருநீல எழுத்துகளைக் கிளாடிங்கில் அல்லது 5 மிமீ அக்ரிலிக்கில் வெட்டுங்கள், பின்னால் காற்றோட இடைவெளி இருப்பதால் சூடும் தங்காது.

போம் போர்டை லேசர் மெசினில் வெட்டித் தரச் சொல்லி ஒருவரிடமும் கேட்காதீர்கள், அவர் சரி என்றாலும் விடாதீர்கள். பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும், மூச்சுக் குழாயையும் அரிக்கும், மெசினின் இரும்பையும் அரிக்கும். அதை றவுட்டரில்தான் வெட்ட வேண்டும். அக்ரிலிக் மட்டும் லேசருக்கு. லேசரில் வெட்டிய அக்ரிலிக் விளிம்பு கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், பார்த்தால் கை துருதுருக்கும், ஸ்பிரிட்டோ தின்னரோ போட்டுத் துடைக்கத் தோன்றும். துடைத்தால் கொஞ்ச நேரத்தில் விளிம்பிலிருந்து உள்ளே மெல்லிய மயிர்க்கோடுகள் ஓடும். வெட்டும் சூட்டில் விளிம்பில் இறுக்கம் தங்கியிருக்கிறது, ஸ்பிரிட் பட்டதும் அது வெடிப்பாக வெளியே வருகிறது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

இப்போது எழுத்து. ஆங்கிலப் போர்ட் செய்கிறவர்களுக்கு இல்லாத வேலை நமக்கு இங்கேதான் இருக்கிறது. நிலாவெளி என்ற சொல்லைக் கட்அவுட்டில் வெட்டினால் நி, ல, கால், கொம்பு, வ, ளி என்று ஆறு துண்டு கையில் வரும். கடற்கரை என்றால் ற் மேலுள்ள புள்ளி தனியாக ஒரு பொட்டு, ரையின் சங்கிலி தனியாக ஒரு துண்டு. ஒவ்வொன்றையும் சுவரில் தனித்தனியாகப் பொருத்தினால் ஒரு கொம்பு 3 மிமீ சரிந்தாலும் சொல் முழுக்கக் குடித்தது மாதிரி நிற்கும், புள்ளி ஒன்று கழன்று விழுந்தால் எழுத்துப் பிழையோடு வருடக்கணக்கில் தொங்கும். நான் சொல்வது, சொல் முழுவதையும் சுற்றி 12 முதல் 15 மிமீ வெளியே ஒரு வெளிக்கோடு போட்டு அதை ஒரே துண்டாக 5 மிமீ போம் போர்டில் வெட்டுங்கள், வெள்ளை அல்லது மணல் நிறம். எழுத்துத் துண்டுகள் எல்லாம் அதன்மேல் நிற்கட்டும். துண்டுகள் நகராது, எழுத்துக்கு ஒரு வெளிர் கரை கிடைக்கும், நிழல் விழவும் தளம் கிடைக்கும், சுவரில் துளையும் குறையும். புள்ளிக்கு விட்டம் 18 மிமீக்குக் குறைக்காதீர்கள், பின்னால் ஒரு சின்ன ஆணி கட்டாயம், பசையை மட்டும் நம்பி விடக்கூடாது.

பொண்ட், அதாவது எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் இன்னும் தமிழுக்குப் பாமினியில்தான் அடிக்கிறோம், சிங்களத்துக்கு எப்எம் அபய. பாமினியில் விசிறி (ி) தனி உருவாகப் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி நிற்கும். திரையில் ஒன்றாகத் தெரிவது கோரல்ட்ரா என்ற வரையும் மென்பொருளில் வளைகோடாக மாற்றியதும் இரண்டு மூடிய கோடுகளாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும். மெசினுக்கு அது தெரியாது, இரண்டு கோட்டையும் வெட்டும், கி என்ற எழுத்து க ஆகவும் ஒரு விசிறியாகவும் பிரிந்து விழும். ஆகவே வளைகோடாக மாற்றிய பிறகு ஒவ்வொரு சொல்லிலும் ஒன்றையொன்று வெட்டும் கோடுகளை ஒன்றாக்க வெல்ட் செய்து, நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோட்டில் பெருப்பித்துப் பாருங்கள். எழுத்துக்குள் ஓடும் கோடு ஒன்றாவது தெரிந்தால் இன்னும் முடியவில்லை. சிங்கள வரியைச் சிங்களம் தாய்மொழியாக உள்ள ஒருவரிடம் காட்டி, மூன்று மொழியும் உள்ள தாளில் வாடிக்கையாளரின் கையெழுத்தையும் வாங்கிய பிறகுதான் ஷீட்டை வெட்ட வேண்டும். பிளெக்ஸ் என்றால் பிழை வந்தால் திரும்ப அடிக்கலாம், இங்கே முடியாது.

படத்தின் அடுக்குகளை வரையும்போது பின் அடுக்கு முன் அடுக்குக்குக் கீழே 20 மிமீ ஆவது உள்ளே போயிருக்க வேண்டும், பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது வெற்றிடம் தெரியாது. அதற்காக அடியில் முழு ஷீட்டாகவும் விட வேண்டாம். மறைந்திருக்கும் நடுப்பகுதியை வெட்டி எடுத்தால் பாரம் குறையும், எடுத்த துண்டில் மீனோ புள்ளியோ வெட்டலாம்.

பொருத்துவது. இந்தத் தொழிலில் அழகான போர்ட் பல பழுதாவது பொருத்தும் இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். சூடு ஒரு பாகை கூடினால் அக்ரிலிக் ஒரு மீற்றருக்கு 0.07 மிமீ நீளும், அலுமினியம் 0.024. காலைக்கும் பின்னேரத்துக்கும் போர்டின் மேல் 30 பாகை வித்தியாசம் வந்தால், 6 அடி நீள அக்ரிலிக் துண்டொன்று கிட்டத்தட்ட 4 மிமீ நீளும், அதன் பின்னால் உள்ள கிளாடிங் ஒன்றரை மிமீகூட நீளாது. இரண்டையும் அசையாமல் ஒட்டினால் ஒன்று வெடிக்க வேண்டும், அல்லது கழல வேண்டும். ஆகவே நீளமான அக்ரிலிக் துண்டு வேண்டாம், தவிர்க்க முடியாவிட்டால் நடுவில் ஒரு துளை மட்டும் இறுக்கமாக, மற்றவை எம்4 ஸ்குரூவுக்கு 7 மிமீ துளையாக விட்டு நைலோன் வொஷர் போடுங்கள். தலை புதையும் ஸ்குரூ அக்ரிலிக்கில் ஆகாது, ஆப்பு மாதிரிப் பிளக்கும்.

சின்னத் துண்டுகளுக்கு த்ரீஎம் விஎச்பி மாதிரியான, இரண்டு பக்கமும் ஒட்டும் போம் டேப் நல்லது. அது ஒட்டியவுடன் பிடித்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, முழுப் பிடி வர 72 மணித்தியாலம் வேண்டும், அதுவரை மேசையில் படுக்கப் போட்டு வையுங்கள். சிலிக்கன் போடுவதென்றால் புளிச்ச வினாகிரி மணம் வருகிற வகை வேண்டாம், அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும், நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். சூப்பர் குளூ அக்ரிலிக்கைச் சுற்றி வெள்ளைப் புகைப்படலம் விடும், சூட்டில் நொறுங்கும். எப்படி ஒட்டினாலும் பெரிய அடுக்கு ஒவ்வொன்றும் ஸ்குரூவும் இடைவெளியைத் தாங்கும் ஸ்பேசருமாக, தனியாகக் கழற்றக் கூடியதாக இருக்கட்டும். இரண்டு வருடத்தில் அலை அடுக்கின் நிறம் மங்கினால் அதை மட்டும் கழற்றிப் பூசிக் கொடுக்கலாம், முழுப் போர்டையும் இறக்க வேண்டாம். இதை நான் எந்த வேலையிலும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஸ்குரூ எல்லாம் 316 தரத் துருப்பிடியா உருக்காக இருக்க வேண்டும். 304 மலிவு, கடையில் அதுதான் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் 316 இல் மொலிப்டினம் இருப்பதால் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும். சாதா இரும்பு ஸ்குரூ ஒன்று இருந்தாலும் வெளிர் மணல் நிறத்தில் செம்மண் கண்ணீர் வடியும்.

உப்புக் காற்று அடுக்குகளுக்கு நடுவே என்ன செய்கிறது என்று பழைய போர்ட் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். 2, 3 மிமீ மாதிரி ஒடுங்கிய இடைவெளியில் உப்பும் தூசியும் ஈரத்தோடு படிந்து காயாமலே கிடக்கும், மழையும் கழுவாது, வெயிலும் புகாது. அதனால் இடைவெளி என்றால் 5 மிமீக்குக் குறையாமல், கீழ்ப்பக்கம் திறந்து. இல்லையென்றால் இடைவெளியே இல்லாமல் சுற்றிவர சிலிக்கன் அடைத்து. இந்த இரண்டுக்கும் நடுப்பட்ட ஒடுங்கிய இடைவெளி எதுவும் ஆகாது. பெட்டி மாதிரி மூடிய பகுதி இருந்தால் அடியில் 6 மிமீ துளை இரண்டு விடுங்கள். 25 மிமீ இடைவெளிகளில் குளவி கூடு கட்டும், அதற்கு வருடத்துக்கு ஒருமுறை தட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

போம் போர்டின் வெட்டிய விளிம்பு பஞ்சு மாதிரி நுண்துளையோடு இருக்கும், பெயின்ட் இல்லாமல் விட்டால் ஒரு மாரியில் பாசி பிடித்துக் கறுக்கும். மெல்லிய தாளால் தேய்த்து, பிரைமர், பிறகு வாகனத்துக்கு அடிக்கும் டூகே பெயின்ட், கடைசியில் மற் கிளியர். பளபளப்புக் கிளியர் வேண்டாம், மேற்கு வெயில் பட்டுக் கண் கூசும், நிழலும் அடிபடும். சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் போகும், இந்தப் போர்டுக்கு அவை தேவையும் இல்லை.

சட்டகம் ஒன்றரை அங்குல அலுமினியம் பொக்ஸ் பார். காற்றைக் குறைத்து நினைக்காதீர்கள். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று 6 அடிக்கு 3 அடிப் போர்டில் நேராக அடித்தால் 80 கிலோ பாரம் தள்ளுகிற மாதிரி, உண்மையில் விளிம்புச் சுழற்சியோடு இன்னும் கூடும். 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட கரை இது. மதிலில் பொருத்துவதென்றால் பூச்சில் அல்ல, கல்லிலோ கொங்கிறீட்டிலோ ஆணி ஏற வேண்டும். வீதியை நோக்கி நீட்டுவதாக இருந்தால் உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதி கேட்கச் சொல்லி வாடிக்கையாளரிடமே விடுங்கள், அது அவர் பெயரில் எடுக்க வேண்டியது. இரவு விளக்கு கேட்டால் எழுத்துக்குப் பின்னால் 12 வோல்ட் எல்இடி மொடியூல், தண்ணீர் புகாத ஐபி67 வகை, பவர் சப்ளை கட்டாயம் கட்டடத்துக்குள்ளே. ஆனால் முதல் வேலையிலேயே விளக்கும் சேர்த்து எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

றவுட்டர் உங்களிடம் இல்லை, அது தடையில்லை. ஊரிலோ கொழும்பிலோ வெட்டிக் கொடுக்கிற இடத்துக்கு அடுக்குக்கு ஒரு ஃபைலாக அனுப்பி வெட்டுக் கூலி கொடுத்து எடுக்கலாம். கொழும்பு 260 கிலோமீற்றர் அளவு தூரம், ஒரு துண்டு குறைந்தால் ஒரு நாள் போய்விடும், ஆகவே புள்ளி, கால், கொம்பு போன்றவற்றை இரண்டு மடங்காக வெட்டச் சொல்லுங்கள். மிச்சத் துண்டில் வருவதுதான், செலவு கூடாது.

விலையைச் சதுர அடிக்குச் சொல்லாதீர்கள். பிளெக்ஸ்காரர் சதுர அடிக்குச் சொல்வார், வாடிக்கையாளர் உடனே ஒப்பிடுவார், நீங்கள் அங்கேயே தோற்றுவிடுவீர்கள். இந்த வேலையில் பரப்பளவுக்கும் உழைப்புக்கும் சம்பந்தம் குறைவு. ஷீட்டுகளின் விலை முழு ஷீட்டாக, வெட்டும் கோட்டின் மொத்த நீளத்துக்கு மீற்றர் கூலி, பெயின்ட் அடிக்கிற துண்டுகளின் எண்ணிக்கை, வரைவதற்கு நாள் கூலி, பொருத்தப் போக ஆள் கூலியும் வாகனமும், இவற்றைக் கூட்டி அதன்மேல் உங்கள் இலாபம். விளிம்பு தேய்த்துப் பெயின்ட் அடிப்பதுதான் நீங்கள் நினைப்பதைவிட நேரம் தின்னும், அதைக் குறைத்துப் போட்டால் முழு வேலையும் நட்டத்தில் போகும். முற்பணம் ஷீட், வெட்டுக் கூலி இரண்டையும் மூடுகிற அளவுக்காவது கையில் வர வேண்டும், ஏனென்றால் அவர் கெஸ்ட் ஹவுஸ் பெயரை வெட்டிய துண்டை வேறு ஒருவருக்கும் விற்க முடியாது. மாதிரித் துண்டுக்கும் காசு கேளுங்கள், வேலை கிடைத்தால் கழித்துக் கொடுக்கலாம்.

கொடுக்கும்போது ஒவ்வொரு நிற பெயின்டிலும் ஒரு சின்னப் போத்தல், உதிரிப் புள்ளிகள், நாலைந்து ஸ்பேசர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள், கச்சான் காலத்தில் இரண்டு தடவை, கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதைப் பாவிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உத்தரவாதம் ஒரு வருடம், பிடிமானத்துக்கும் வளைவுக்கும் மட்டும், நிறத்துக்கு இல்லை, அதைப் பில்லிலேயே எழுதிவிடுங்கள்.